மருதாயியைப் பார்த்தவர்

எங்கள் லிசி அக்காவுக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் "யார் சொன்னது?" என்று கேட்பாள். தெருக்கோடியில் ஒரு பெண் வீட்டைவிட்டு ஓடிப்போனாளாம் என்று நான் ஆசையாக ஆரம்பித்தால், "நீ பாத்தியா, கேள்விப்பட்டியா?" என்று குறுக்கே வந்து நிற்பாள். கேள்விப்பட்டேன் என்றால் யாரிடம், அவர் பார்த்தாரா, அவருக்கும் வேறு யாராவது சொன்னார்களா என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் ஓடிப்போனவள் திரும்பியே வந்துவிடுவாள். கிறிஸ்துமஸ் பிரியாணியை யாராவது புகழ்ந்தால் போதும், அவர்கள் வாயை மூடுவதற்குள், "மசாலா பக்கத்து வீட்டு நஜீமா அரைச்சுக் கொடுத்தது" என்று சொல்லிவிடுவாள். புகழ்ச்சியைச் சும்மா வாங்கி வைத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? மாட்டாள், மகராசி.

நான் அவள் தங்கை பிரான்சி. திருச்சி பாலக்கரையில் அம்மா விட்டுப்போன ஓட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டது நிலைக்கவில்லை, அது வேறு கதை. நான் சின்னக்கடைத் தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும்தான் நீண்டது. எனக்கும் சேர்த்து அவள் படித்தாள். ஊருக்குள் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். வருஷா வருஷம் ஜூன் மாதம் மறுபடி கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோடை விடுமுறை வந்தாலே அவள் முகம் சுண்டிவிடும்.

அவள் நடத்திய பாடம் ஆராய்ச்சி செய்வது எப்படி என்பது. பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்தும் அதையே ஓதுவாள். "அடுத்தவங்க வரியை எடுத்தா மேற்கோள் குறிக்குள்ள போடு, கீழ அவங்க பேரைப் போடு. வரியை மாத்தி எழுதினாலும் யோசனை அவங்களோடதுதான், பேரைப் போடு. நீயே முன்னாடி எழுதினதை எடுத்தாலும் எங்க எழுதினேன்னு சொல்லிடு." பிள்ளைகள் அவளுக்கு அடிக்குறிப்பு மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தபோதும், "இந்தப் பேரை முதல்ல வச்சது யாரு?" என்றுதான் கேட்டாள்.

அந்த வியாதி அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

அம்மா பெயர் வியாகுலம்மாள். காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் சின்ன வெங்காயம் ஆயும் வேலை. சாக்கை அவிழ்த்துக் கொட்டி, அழுகலைப் பொறுக்கி எறிந்து, காய்ந்த தாளையும் வேரையும் நறுக்கி, பெரிசு தனி சிறிசு தனியாகப் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாலும் அம்மா பக்கத்தில் நின்றால் வெங்காய வாடைதான். அந்தக் கையால்தான் எங்களைச் சோறு போட்டு வளர்த்தாள்.

அக்கா எம்.ஃபில். படித்தபோது, மார்க்கெட்டில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று நின்றாள். எல்லாரையும் போய்ப் பார்த்தாள். கடைசியில் அம்மாவையும் உட்கார வைத்து டேப் ரிக்கார்டரைத் தட்டினாள். அம்மா போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு, பெற்ற மகளைப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்குங்க, ஒரு குறையும் இல்லீங்க" என்றாள். நான் சிரித்த சிரிப்பும் அந்த டேப்பில் பதிந்திருக்கும். பிறகு அக்கா ஒரு முறம் வெங்காயத்தைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள். கை வேலை செய்ய ஆரம்பித்ததும் வாயும் திறந்துகொண்டது. நாங்கள் கேட்டேயிராத கதையெல்லாம் அன்றைக்கு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் அம்மா சொன்னாள்: "வெங்காயம் ஆயிறப்ப கண்ணு கலங்கினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதுக்காகவே இந்த வேலையை விடாம இருந்தேன்." அப்பா லாரியில் அடிபட்டுச் செத்த வருஷத்தைப் பற்றித்தான் சொன்னாள். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்காவின் அப்போதைய வழிகாட்டி நல்ல மனிதர். இப்போது உயிரோடு இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு, "பிரமாதம்மா. ஆனா பெத்த தாயைப் பேட்டி எடுத்துட்டு வந்தேன்னா தேர்வாளர் சிரிப்பாரு. ஆதாரமாவே எடுத்துக்க மாட்டாரு. வேற பேர் போட்டுடு" என்றாராம். பெயரை மாற்றினால் மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுத வேண்டும் அல்லவா? அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். அக்கா அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. "என் பேர் எதுக்குடி? போட்டாலும் எனக்குப் படிக்கவா தெரியும்? மருதாயின்னு போடு. நல்ல பேரு" என்றாள். ஆராய்ச்சியில் மருதாயி என்று வந்தது. பின்னிணைப்பில் மருதாயிக்கு ஒரு வயது, ஒரு தெரு எல்லாம் போட வேண்டியதாயிற்று. எல்லாம் பொய். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு இந்த வியாதி பிடித்தது.

அம்மா 2006இல் போய்ச் சேர்ந்தாள். ஈரலில் கோளாறு.

அக்கா வெகுநாள் கழித்துத்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். நிரந்தர வேலைக்கு அது இல்லாமல் தலையெடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அதே மார்க்கெட், அதே பெண்கள், இன்னும் பெரிதாக. அதில் மூன்றாம் இயல் முழுக்க அம்மா பேச்சைச் சுற்றித்தான் கட்டியிருந்தாள். இந்தத் தடவை கடைசியில் ஒரு குறிப்பு எழுதி, மருதாயி என்பது புனைபெயர், அவர் என் தாய் வியாகுலம்மாள் என்று போட்டுவிடப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டம் கிடைக்கும் சந்தோஷத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

இப்போதெல்லாம் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன்னால் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். எந்த வரி ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று அது நிறம் பூசிக் காட்டிவிடும். அக்காவின் மூன்றாம் இயல் முழுக்கச் சிவப்பாக வந்தது. பக்கம் பக்கமாக ஒரே புத்தகத்திலிருந்து எடுத்தது என்று காட்டியது. 'திருச்சி மண்டிப் பெண்கள்', எழுதியவர் முனைவர் ஜெபராஜ்.

ஜெபராஜ் யாரோ இல்லை. அக்காவுக்கு அடுத்து அதே துறையில் ஆராய்ச்சி செய்தவர். இப்போது வேறொரு கல்லூரியில் துறைத்தலைவர், பல்கலைக்கழகத்தில் எந்தக் கமிட்டி போட்டாலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அக்காவின் எம்.ஃபில். ஏடு துறை அலமாரியில் சும்மா கிடந்தது. அது பழைய எழுத்துருவில் அடித்த காகிதக் கட்டு, கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஜெபராஜின் புத்தகம் இணையத்தில் இருக்கிறது. ஆக, கணினி கணக்குப்படி எங்கள் அக்காதான் திருடி.

அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நான் முழுசாகப் படித்த ஒரே புத்தகம் அதுதான். "2012 மழைக்காலத்தில் மருதாயி என்ற பெண்மணியை நான் நேரில் சந்தித்தபோது" என்று ஆரம்பிக்கிறார். 2012இல்! நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டாம், வாய் நிறைய வெற்றிலையாம், சமயபுரத்தாள்மேல் அபார பக்தியாம். எங்கள் அம்மா கழுத்தில் கிடந்தது செபமாலை. வெற்றிலை போட்டவர்களைப் பக்கத்தில் உட்காரவிட மாட்டாள். அதற்குக் கீழே, ஒரு எழுத்துக்கூட மாறாமல், கண்ணு கலங்கினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க என்ற அம்மாவின் வரி.

"நாளைக்கே போய் அந்த ஆள் சட்டையைப் பிடிக்கிறேன்" என்றேன்.

"சும்மா இருடி. முதல்ல சுபஸ்ரீ மேடத்தைப் பாப்போம்" என்றாள் அக்கா.

சுபஸ்ரீ மேடம்தான் இப்போதைய வழிகாட்டி. அக்காவைவிடச் சின்னவர். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. நாங்கள் போனபோது வெள்ளிக்கிழமை, தெருவெல்லாம் கூட்டம். அவர் எங்களை மாடி அறையில் உட்காரவைத்து, அக்கா கொண்டுபோன எம்.ஃபில். ஏட்டையும் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்.

"இது அப்பட்டமான திருட்டு லிசி. பகவானே, இப்படியுமா பண்ணுவா!"

"அப்ப புகார் கொடுத்துடலாங்களா?" என்று நான் முந்திக்கொண்டேன்.

அவர் ஏட்டை மூடி வைத்தார். "புகார் கொடுத்தா அவர் என்ன சொல்வார்? ரெண்டு பேரும் ஒரே மருதாயியைப் பார்த்தோம், அந்தம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கதையைத்தான் சொன்னாங்கன்னு சொல்வார். அவர் சொன்னா கமிட்டி நம்பும். அதை உடைக்கணும்னா ஒரே வழிதான். மருதாயின்னு ஒருத்தரே இல்லைன்னு லிசி சொல்லணும்."

"அதானே உண்மை! சொல்லிட்டாப் போச்சு."

"சொன்னா, அப்ப நீங்க எம்.ஃபில்.ல இல்லாத ஆளை இருக்கிறதா எழுதினேளான்னு கேப்பா. வயசு, தெரு எல்லாம் போட்டிருக்கேளே. அது போலி ஆதாரம். அந்தப் பட்டமே ரத்தாகலாம். இந்த வேலையும் போயிடும், முனைவர் பட்டமும் போயிடும். சொல்லிக்கொடுத்த சாரும் இப்ப இல்லை."

"என்னோட எம்.ஃபில்.லை மேற்கோள் காட்டினா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஒரே வரி ரெண்டு இடத்துல இருக்கே, யார் யாரை எடுத்தான்னு கேள்வி வரும். விசாரணைன்னு ஆரம்பிச்சா நேரா மருதாயி வீட்டு வாசல்லதான் போய் நிக்கும்." சுபஸ்ரீ மேடத்துக்குச் சொல்லவே கூசியது. "அவர் புத்தகத்தை அடிக்குறிப்புல போட்டுடுங்கோ லிசி. மேற்கோள் குறி போட்டு அவர் பேர் போட்டுட்டா சிவப்பெல்லாம் போயிடும். எனக்கு வேற வழி தெரியலை. மன்னிச்சுக்கோங்கோ."

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஜெபராஜ் சாரையே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். கொடுமை என்னவென்றால், அந்த ஆள் பார்க்க நல்ல மனிதராகவே இருந்தார். "வாங்க லிசி, உக்காருங்கம்மா" என்று எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். அக்கா, மருதாயியைப் பற்றித் தானும் எழுதுவதாகச் சொன்னாள்.

"மருதாயியம்மாவா? மறக்க முடியுமாங்க! என்ன ஒரு பேச்சு, என்ன ஒரு மனசு! அவங்க கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன்மா" என்றார். கண்ணெல்லாம் பளபளத்தது. எத்தனை மேடையில் இதைச் சொல்லியிருப்பாரோ, சொல்லிச் சொல்லி அவருக்கே நிஜமாகப் பட்டிருக்க வேண்டும்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என் கையை அழுத்தினாள். பிறகு அவரிடம் கேட்டாள்: "நீங்க பாத்தப்ப அவங்க எப்படி இருந்தாங்க சார்?"

மடக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மடக்குகிற முகம் இல்லை அது. அம்மா கடைசி மாதங்களில் வயிறு வீங்கி, முகம் கறுத்து, எங்களையே அடையாளம் தெரியாமல் கிடந்தவள்.

"நல்லா இருந்தாங்கம்மா. சிரிச்ச முகம்" என்றார் அவர்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்துகொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் நாங்கள் போட்ட சண்டையில் நஜீமா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "அந்த ஆள் பேரைப் போடுறதுக்கு அந்த இயலையே கிழிச்சு எறி. அம்மாவை எடுத்துடு. வேற எதையாவது எழுது" என்று கத்தினேன்.

"எடுத்துட்டா?" என்றாள் அக்கா. "எடுத்துட்டா அம்மா பேசினது அவன் புத்தகத்துல மட்டும்தான் இருக்கும். என்னோடதுல இருக்காது. அம்மா இல்லாம அதுல என்னடி இருக்கு? வெறும் தாளு."

"அப்ப உண்மையைச் சொல்லு. வேலை போனாப் போவுது. நான் சம்பாதிக்கிறேன்."

"எனக்கு நாப்பத்தாறு வயசு பிரான்சி. போலி ஆதாரம் கொடுத்தவன்னு பேர் வந்தா அப்புறம் எந்த கிளாஸ்ல போய் நான் நிப்பேன்? இந்தப் பாடத்தை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வருஷா வருஷம் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மங்கிய எழுத்தின் மேல் கறுப்பு பெயிண்ட் தடவுவோம். எப்போதும் அதை நான்தான் செய்வேன், அவளுக்குக் கை நேராக வராது. இந்த வருஷம் பிரஷ்ஷை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மண்டி போட்டு உட்கார்ந்து, வியாகுலம்மாள் என்று ஒவ்வொரு எழுத்தாக, சேலையில் பெயிண்ட் சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "இங்க மட்டுமாவது பேர் சரியா இருக்கட்டும்" என்றாள். முடிவு எடுத்துவிட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளோடு மூன்று நாள் பேசவில்லை.

அடிக்குறிப்பு போட்டாள். கணினி சரி என்றது. ஆய்வேடு தேர்வாளர்களிடம் போயிற்று, திரும்பி வந்தது, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தார்கள்.

அந்தத் தேர்வு எல்லாருக்கும் முன்னால் நடப்பது. கல்யாணத்துக்குக் கூப்பிடுவது போல அழைப்பிதழ் அடித்துக் கூப்பிடுவார்கள். வந்தவர்களுக்கு இனிப்பு, மிக்சர், காபி தருவது பட்டம் வாங்குகிறவர் செலவு. நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு லட்டுத் தட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் யார் என்கிறீர்கள்? ஜெபராஜ் சார்தான். அக்காவே போய் அழைப்பிதழ் கொடுத்திருக்கிறாள்.

தேர்வாளர் மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா. கண்ணாடி போட்ட, சாந்தமான முகம். அக்கா அரைமணி நேரம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். கேள்விகளுக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். கடைசியில் அந்த அம்மா ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"மூணாம் இயல்ல ஒரு மருதாயி வர்றாங்க. வெங்காயம் ஆயிறப்ப கண் கலங்கினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. இதைப் படிச்சுட்டு நான் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்மா. அன்னிக்கு வேற எதுவும் ஓடலை. இந்த அம்மாவை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

அக்கா மேடையில் நின்றுகொண்டு நேராக என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று எனக்குள்ளே கத்தினேன். போகட்டும், எல்லாம் போகட்டும், சொல்லிவிடு அக்கா.

"இல்லீங்க மேடம்" என்றாள். "நான் பாத்ததில்ல. ஜெபராஜ் சார்தான் பாத்திருக்கார்."

முன்வரிசையில் ஜெபராஜ் சார் அடக்கமாகத் தலையாட்டினார். தேர்வாளர் அவரைப் பார்த்து, "கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்.

பிறகு பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார்கள். கைதட்டினார்கள். அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் லட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே போனேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, இரண்டு கையிலும் தட்டு, துடைக்க வழியில்லை. அக்காவிடம் படிக்கும் நிஷா என்ற பெண் ஓடிவந்து, "என்னக்கா அழுறீங்க? மேடம் டாக்டராயிட்டாங்கன்னு சந்தோஷமா?" என்று கேட்டாள். எங்கள் அம்மாவை முப்பது வருஷம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் ஒரு தட்டு லட்டு கொடுத்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்கள்.

"ஆமாம்மா. சந்தோஷம்தான்" என்றேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. நிரந்தர வேலைக்கு அக்கா விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கிடைத்துவிடும் என்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "முனைவர் பட்டம் வாங்காத கௌரவ விரிவுரையாளருங்களை எல்லாம் ஜூன்ல வேலையை விட்டுத் தூக்கப்போறாங்களாம்" என்றேன். என் வாயில் வந்ததைச் சொன்னேன், யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.